காரைக்குடியில் பாலூ தம்பி

பலகார லேபிளுக்கோ மெஸ் போர்டுக்கோ தடித்த தமிழ் எழுத்து வேண்டும், அதற்குக் காசு கொடுக்க முடியாது, பின்னாளில் உரிமம் கேட்டு யாரும் வந்து நிற்கவும் கூடாது என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்லும் பெயர் பாலூ தம்பி 2. கல்யாணப் பத்திரிகைக்கு என்று கேட்டால் சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான இலவச எழுத்துரு இப்போதைக்கு என் கணினியில் இல்லை. ஆனால் அதை எந்தத் தடிமனில், எந்த அளவில், எதன்மேல் அச்சடிக்கிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

நான் காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஸ்டிக்கர், லேபிள், கடை போர்டு டிசைன் செய்கிறவள். வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் முறுக்குச் சுற்றி விற்கும் ஆச்சிகள். மீதிப் பேர் மெஸ் நடத்துபவர்கள், மளிகைக்கடைக்காரர்கள், ஆத்தங்குடிக் கல் விற்பவர்கள், முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு ஃபான்ட் பெயர் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. "எழுத்து நல்லா எடுப்பா இருக்கணும்" என்பார்கள், அவ்வளவுதான். அந்த எடுப்பை எங்கிருந்து கொண்டுவருவது என்பது என் பாடு.

முதலில் இது யார் செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மும்பையில் இருக்கும் ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழு, பாலூ என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே குணமுள்ள எழுத்துக் குடும்பம் ஒன்றைச் செய்தது. இந்தி, மராத்திக்கான தேவநாகரி எழுத்துக்கு வெறும் பாலூ. குஜராத்திக்குப் பாய், மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, பஞ்சாபிக்குப் பாஜி என்று ஒவ்வொரு மொழிக்கும் ஒரு அண்ணனையோ தம்பியையோ சேர்த்தார்கள். தமிழுக்கு வாய்த்தது தம்பி. தமிழ் எழுத்துகளை வடிவமைத்தவர் ஆதர்ஷ் ராஜன். முதலில் வந்த பாலூவில் ஒரே தடிமன்தான். நல்ல பருமன், வேறு வழியில்லை. அப்புறம் வந்த இரண்டாம் பதிப்பில் ரெகுலர், மீடியம், செமிபோல்டு, போல்டு, எக்ஸ்ட்ராபோல்டு என்று ஐந்து தடிமன்கள். கூகுள் ஃபான்ட்ஸில் இறக்கிக்கொள்ளலாம். உரிமம் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம். வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம், லோகோ செய்யலாம், திருத்திக்கூட வெளியிடலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. தமிழ் டிடிபி உலகத்தில் பெரும்பாலோர் எங்கிருந்து வந்தது என்று தெரியாத சிடியிலிருந்து ஃபான்ட் ஏற்றிப் பழகியவர்கள். அவர்களுக்கு இது பெரிய நிம்மதி. நாளைக்கு அந்த ஆச்சியின் முறுக்கு சென்னையில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும் பெட்டியில் இருக்கும் எழுத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்க முடியாது.

இப்போது வடிவத்துக்கு வருகிறேன்.

இங்கிலீஷில் முனை உருண்ட எழுத்து என்பது தனி ரகம். 1979-ல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்காக வந்த வாக் ரவுண்டட், கணினிகளில் எல்லாரும் பார்த்த ஏரியல் ரவுண்டட் எல்லாம் அந்த வகை. அங்கே எச், இ, டி, எல் எல்லாம் கம்பும் கோணமுமாக இருப்பதால் முனையைக் கொஞ்சம் உருட்டினாலே முகம் மாறிவிடும். தமிழில் கதை வேறு. நம் எழுத்தில் பாதி ஏற்கெனவே வளைவுதான். வட்டெழுத்து என்றே ஒரு எழுத்துமுறை வைத்திருந்தவர்கள் நாம். இ, ஞ, ண, ழ, ஐ இவற்றை உருட்டி என்ன புதிதாகக் காட்டிவிட முடியும்? அதனால் ஒரு தமிழ் எழுத்துரு உருண்டையானது என்று யாராவது சொன்னால் நான் வளைவு எழுத்துகளைப் பார்ப்பதே இல்லை. ட, ப, ம, ய, ர இந்த ஐந்தையும் தட்டிப் பார்ப்பேன். நம் நெடுங்கணக்கில் மூலை பளிச்சென்று தெரிவது இவற்றில்தான். அங்கே வடிவமைத்தவர் என்ன முடிவெடுத்தார் என்பதில் எழுத்துருவின் தரம் தெரிந்துவிடும். மூலையை அதிகமாக உருட்டினால் ட ஒரு தூண்டில் கொக்கியாகிவிடும். ப ஒரு கிண்ணம். ம-வின் மூலை போனால் தூரத்தில் அது வேறெதுவோ. உருட்டாமல் விட்டாலோ, பக்கத்தில் இருக்கும் ண-வுக்கும் ட-வுக்கும் ஒட்டாது. ஒரே சொல்லில் இரண்டு ஃபான்ட் போட்டதுபோல் தெரியும்.

பாலூ தம்பி இதில் நிதானமாக நடந்திருக்கிறது. ட-வின் வெளி மூலை மழுங்கியிருக்கிறது, ஆனால் மூலை மூலையாகவே நிற்கிறது. கோடு முடியும் இடங்களும் முழு அரைவட்டமாக இல்லை. நேராக வெட்டி, விளிம்பை மட்டும் இளக்கிவிட்டிருக்கிறார்கள். அதனால்தான் இது குழந்தைகள் பென்சில் பெட்டியில் வரும் எழுத்தாகத் தெரிவதில்லை. கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு தடித்த உருண்டை எழுத்து கொய்னி. மார்செலோ மகல்யாயிஸ் செய்தது, அதிலும் தமிழ் உண்டு. அது இன்னும் கொழுகொழுவென்று விளையாட்டாக இருக்கும். ஐஸ்கிரீம் கடைக்கும் பிளே ஸ்கூலுக்கும் அதைத்தான் போடுவேன். ஆனால் அதற்கு ஒரே தடிமன். மதியச் சாப்பாடு போடும் மெஸ்ஸுக்குக் கொஞ்சம் கௌரவமும் வேண்டும் அல்லவா, அங்கே பாலூதான்.

இங்கிலீஷ் பகுதியில் இன்னொரு நல்ல விஷயம் உண்டு. சின்ன என், எம், யூ எழுத்துகளில் கம்பும் வளைவும் சேரும் இடத்தில் வழக்கமாக ஒரு சின்ன முள் துருத்திக்கொண்டிருக்கும். இதில் அந்த முள்ளை எடுத்துவிட்டார்கள். கம்பு அப்படியே வளைந்து போகிறது. பல தமிழ் எழுத்துருக்களில் தமிழுக்குப் பக்கத்தில் வரும் இங்கிலீஷ், வேறு வீட்டிலிருந்து கடன் வாங்கியதாகத் தெரியும். இதில் இரண்டும் ஒரே கை எழுதியவை போல இருக்கின்றன. இது ஏன் முக்கியம் என்றால், கடை போர்டு.

தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ்தான் முதலில் வர வேண்டும், பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், இங்கிலீஷ், பிற மொழி என்றால் 5:3:2 அளவு. சட்டம் சொல்வது அளவைப் பற்றி; அதைக் கண்ணுக்கு நன்றாகச் செய்வது டிசைனர் பொறுப்பு. தமிழ் எழுத்து 10 அங்குல உயரம் என்றால் இங்கிலீஷ் 6 அங்குலம். இரண்டையும் ஒரே தடிமனில் வைத்தால் இங்கிலீஷின் கோடு தமிழ்க் கோட்டின் தடிமனில் 60 சதவீதம்தான் இருக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மேல்வரி கொழுத்தும் கீழ்வரி இளைத்தும் தெரியும். ஒரே தடிமன் உள்ள எழுத்துருவில் இதற்கு மருந்தே இல்லை. பலர் இங்கிலீஷ் எழுத்தைச் சுற்றி ஒரு கோடு ஏற்றி ஊத வைப்பார்கள். ஏ, ஈ, ஆர் எழுத்துகளின் ஓட்டையெல்லாம் அடைபட்டுப் போகும்.

பாலூ தம்பி 2-ல் தமிழைச் செமிபோல்டிலும் இங்கிலீஷை எக்ஸ்ட்ராபோல்டிலும் வைக்கிறேன். கணக்குப் பார்த்தால் சரிசமம் ஆகாதுதான், கண்ணுக்குச் சமமாகிவிடுகிறது. என்னைக் கேட்டால் இரண்டாம் பதிப்பின் பெரிய லாபமே இதுதான். ஐந்து தடிமன் என்றதும் பலர் ஒரே போர்டில் ஐந்தையும் போட்டுக் காட்டுகிறார்கள். அது அதற்கு இல்லை. அளவு மாறும்போது கோட்டின் பருமன் மாறாமல் பிடித்துவைக்கத்தான் அந்த ஐந்தும்.

போர்டு விஷயத்திலேயே இன்னொன்று. வரிக்கும் வரிக்கும் நடுவில் இந்த எழுத்துரு தானாக விடும் இடம் தாராளம். புதிதாகப் பயன்படுத்துகிறவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். ஆனால் தமிழில் மேலே மேல்விலங்கும் (கி, கீ-யில் வரும் மேல்குறி) புள்ளியும் ஏறும். கீழே ற, ழ, பு, து எல்லாம் வால் இறக்கும். "கருப்பட்டிப் பணியாரம்" என்று ஒரு வரி, அதன் தலைக்கு மேல் "புதுவயல்" என்று ஒரு வரி வைத்துப் பாருங்கள். பு-வின் கால் கீழ்வரியின் புள்ளியில் போய் இடிக்கும். தடித்த எழுத்தில் இடித்தால் கறையாகவே தெரியும். அதற்காக விட்ட இடம் அது. இரண்டு வரி மட்டும் உள்ள போர்டில், எந்த எழுத்து எதன்மேல் வருகிறது என்று பார்த்து நானே கையால் நெருக்கிக்கொள்கிறேன். பொத்தான், விலைப்பட்டை மாதிரி ஒரு கட்டத்துக்குள் எழுத்தை வைக்கும்போதும் கணினி சொல்லும் நடுவை நம்பாமல் கண்ணால் பார்த்து ஏற்றி இறக்குவது நல்லது.

எங்கள் ஊரில் பலகை எழுத்துக்கு ஒரு மரியாதை உண்டு. கோட்டையூர்க்காரரான ரோஜா முத்தையா தொழிலால் விளம்பரப் பலகை ஓவியர். அவர் சேர்த்த புத்தகங்களும் பழைய நோட்டீஸ்களும்தான் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. பட்டை பிரஷ் பிடித்து எழுதிய அந்தத் தலைமுறை ஆட்கள் இன்னும் ஓரிருவர் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் எழுத்தில் கோடு ஒரே பருமனாக ஓடாது. வளைவில் பருத்து, திருப்பத்தில் மெலியும். அந்த அழகு பாலூவில் கிடையாது. இதில் கோடு கிட்டத்தட்ட ஒரே பருமன், அங்கங்கே நெரிசலைத் தவிர்க்க மட்டும் கொஞ்சம் மெலிகிறது. கையெழுத்துப் போர்டின் இடத்தை இது பிடிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஃப்ளெக்ஸ் போர்டில் கணினியோடு வந்த லதா என்ற எழுத்துருவைப் பக்கவாட்டில் இழுத்து, கருப்பு நிழல் கொடுத்து வைத்திருக்கிறார்களே, அதன் இடத்தைப் பிடித்தால் போதும்.

நிழல் என்றதும் ஞாபகம் வருகிறது. சிவப்பு எழுத்து, அதைச் சுற்றி வெள்ளைக் கோடு, வெளியே கருப்பு நிழல் இல்லாமல் இங்கே மெஸ் போர்டு கிடையாது. கூரிய மூலை உள்ள எழுத்தைச் சுற்றிக் கோடு ஏற்றினால் மூலைகளில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டு வரும். மூலை மழுங்கிய இந்த எழுத்தில் கோடு வழுக்கிக்கொண்டு சுற்றி வருகிறது. எத்தனை சுற்று ஏற்றினாலும் வடிவம் கெடுவதில்லை. சத்தமான போர்டுக்குப் பிறந்த எழுத்து.

பலகார லேபிளில் இதை முதலில் போட்டது ஒரு ஆச்சிக்காக. மகிழம்பூ முறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், மாவுருண்டை என்று ஐந்து வகை. எக்ஸ்ட்ராபோல்டில் பெயர்களை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, "என்னாத்தா, எழுத்தெல்லாம் வயிறாரச் சாப்பிட்டு வந்து உக்காந்த மாதிரி இருக்கு. இதையே போடு" என்றார். எழுத்துரு விமர்சனம் எழுதச் சொன்னால் அவர் என்னைவிட நன்றாக எழுதுவார்.

அந்த ஐந்து பெயர்களையும் வைத்தே எழுத்துருவைச் சோதித்துவிடலாம். "சீப்புச் சீடை"யில் ஒரே சொல்தொடரில் இரண்டு சீ. மேல்விலங்கின் சுழிக்குள் இருக்கும் ஓட்டை எக்ஸ்ட்ராபோல்டிலும் திறந்தே இருக்கிறது. "தேன்குழல்" இந்த எழுத்துருவில் எனக்கு மிகவும் பிடித்த சொல். கு-வின் வளைவும் ழ-வின் கீழ்ச்சுழியும் அடுத்தடுத்து வந்து, தேன்குழல் பிழிந்த மாதிரியே நிற்கின்றன. "மாவுருண்டை"யில்தான் சோதனை. ண்-ல் மூன்று சுழி, அதன்மேல் புள்ளி, பக்கத்தில் டை. பெரிய எழுத்தில் நன்றாகவே இருக்கிறது. 3 அங்குல லேபிளில் பெயர் ஒரு வரி முழுக்க ஓடும் வரை கவலையில்லை. அதே சொல்லைக் கவரின் பின்பக்கம் சின்னதாகப் போட்டால் ண-வின் உள்வெளி இறுகிவிடும். அங்கே மீடியத்துக்கு இறங்க வேண்டும். இது முகப்பு எழுத்து, அதன் வேலை பெரிய அளவில். 10 பாயின்ட் அளவுக்குக் கீழே இதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு எழுத்துருவைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

உணவுப் பொட்டலத்தில் கட்டாய விவரங்கள் இங்கிலீஷிலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி. தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். ஆக, எந்த முறுக்குப் பொட்டலத்திலும் பொடி எழுத்தில் ஒரு பத்தி இங்கிலீஷ் இருந்தே தீரும். அந்தப் பத்திக்கு நான் பாலூவைத் தொடுவதில்லை. அதே ஏக் டைப் குழுவின் முக்த மலர் அதற்குச் சரியாக இருக்கிறது. ஒரே இடத்தில் பிறந்ததாலோ என்னவோ, மேலே பாலூவும் கீழே முக்த மலரும் சண்டை போடாமல் இருக்கின்றன. எடை, விலை, தயாரித்த தேதி எல்லாம் அதில்தான்.

விலை எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெனு போர்டில் இந்த எழுத்துருவின் எண்கள் அழகாக நிற்கும். ஆனால் எக்ஸ்ட்ராபோல்டில் 3, 6, 8 மூன்றும் உள்வெளி குறைந்து ஒன்றுக்கொன்று நெருங்கிவிடுகின்றன. சுவரில் மாட்டிய பலகையைச் சாப்பாட்டு மேசையிலிருந்து பார்க்கிறவருக்கு 60-ம் 80-ம் குழம்பினால் கல்லாவில் பேச்சு வளரும். எண்ணுக்குச் செமிபோல்டு போதும்.

துணிப்பையில் இது எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தை அரசு தொடங்கியது. அப்புறம் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர்களுக்குப் பை வேலை கூடிவிட்டது. செட்டிநாட்டில் தாம்பூலப் பை வேறு எப்போதும் உண்டு. மஞ்சள் துணியில் சிவப்பு இங்க். துணியில் இங்க் அப்படியே நிற்காது, நூல் வழியே கொஞ்சம் பரவும். ஒவ்வொரு கோடும் வரைந்ததைவிடக் கொஞ்சம் தடித்தே விழும். அதனால் எக்ஸ்ட்ராபோல்டைத் துணியில் போட்டால் ண, ஞ, ஜ மூன்றும் குழம்பிவிடும். ஸ்ரீ இருந்தால் கேட்கவே வேண்டாம். செமிபோல்டில் வைத்தால் துணி அதைத் தானே போல்டாக்கிக்கொள்ளும். மெல்லிய கோடுள்ள எழுத்துருக்கள் துணியில் அங்கங்கே அறுந்து விழும் இடத்தில், இது முழுசாக விழுகிறது. பை நாலைந்து தடவை துவைத்த பிறகும் படிக்க முடிகிறது.

அக்ரிலிக் எழுத்து, எல்இடி போர்டு விஷயத்தில் என்னைவிட அந்த வேலை செய்யும் அண்ணன் ஒருவர்தான் இதற்குப் பெரிய ரசிகர். எழுத்தின் வயிற்றுக்குள் எல்இடி மாட்ட அகலம் வேண்டும். மெல்லிய எழுத்தில் விளக்கு உட்காராது. அப்புறம் புள்ளி. தமிழ் போர்டில் முதலில் விழுவது புள்ளிதான். தனித் துண்டாக ஒட்டுவதால் ஒரு கோடை தாங்கினாலே அதிசயம். அதனால்தான் ஊருக்கு ஊர் "மெஸ" என்றும் "ஸடோரஸ" என்றும் போர்டுகள் நிற்கின்றன. இந்த எழுத்துருவில் புள்ளியும் எழுத்துக்கு ஏற்ற பருமனில் இருப்பதால் பின்னால் திருகு வைக்க இடம் கிடைக்கிறது. "இந்த ஃபான்ட்லயே எல்லாத்தையும் குடு தங்கச்சி" என்கிறார். எல்லாவற்றையும் கொடுக்க முடியாது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வினைல் வெட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூகுளிலிருந்து இறக்கும் பொட்டலத்தில் இரண்டு வகைக் கோப்பு இருக்கும். ஒன்று, எல்லாத் தடிமனும் ஒரே கோப்பில் அடங்கிய வேரியபிள் ஃபான்ட். இன்னொன்று, ஸ்டேடிக் என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு தடிமனுக்கும் தனிக் கோப்பு. வேரியபிள் எழுத்துருக்களில் ஒரு எழுத்தின் பாகங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியபடியே இருப்பது சகஜம். திரையிலும் அச்சிலும் அது தெரியாது. கர்வ் பண்ணி, அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, வினைல் வெட்டும் பிளாட்டருக்கு அனுப்பினால் கத்தி அந்த உள்கோட்டையும் சேர்த்து வெட்டிவிடும். எழுத்து துண்டு துண்டாக உரிந்து வரும். வெட்டும் வேலைக்கு ஸ்டேடிக் கோப்பைப் பயன்படுத்துங்கள், அல்லது கர்வ் பண்ணிய பிறகு எல்லாவற்றையும் ஒரே வடிவமாக இணைத்து வெல்டு செய்துவிடுங்கள். மற்றபடி உருண்ட மூலை கத்திக்கு நல்லது. கூரிய மூலையில் வினைல் நுனி தூக்கிக்கொண்டு வெயிலில் உரியும். இதில் அந்தத் தொல்லை குறைவு.

இது யூனிகோடு எழுத்துரு. பழைய டிசைன் மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், கொ, கோ எல்லாம் பிரிந்து நிற்கும். புதிய பதிப்புகளில் தெற்காசிய மொழி அமைப்பை இயக்கிவிட்டால் சரியாகிவிடும். அச்சகத்துக்கு அனுப்பும்போது கர்வ் பண்ணித்தான் அனுப்ப வேண்டும். அங்கே இன்னும் யூனிகோடு அல்லாத பழைய ஃபான்ட்களில்தான் பாதி வேலை நடக்கிறது. நாம் திறந்த கோப்பை அனுப்பினால் அவர்கள் வசதிக்கு வேறொன்றை மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

சரி, எங்கே கூடாது?

கல்யாணப் பத்திரிகை. நகரத்தார் பத்திரிகையில் பெயர்களைவிடத் தலைப்பெழுத்துகள் அதிகம் இருக்கும். ராம., சித., அழ., லெ., மெ. என்று தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லாரும் புள்ளி வைத்து வரிசையாக வருவார்கள். பாலூவில் அதைப் போட்டால் அந்தப் புள்ளிகளே முதலில் கண்ணில் படும், பெயர் அப்புறம்தான். அதோடு பத்திரிகைக்கு வேண்டிய அடக்கம் இதனிடம் இல்லை. எவ்வளவு மெலிந்த ரெகுலரில் வைத்தாலும் சிரித்த முகமாகவே இருக்கும். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அதே காரணத்துக்காகவே வேண்டாம். ஒரு துக்க வீட்டு ஃப்ளெக்ஸில் இந்த எழுத்தைப் பார்த்தேன். அடித்தவருக்குக் கையில் அதுதான் இருந்தது போல. பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறவர்களும் வருகிறார்கள். கானாடுகாத்தான் பக்கம் இப்போது அது நல்ல தொழில். தேக்கு நிலைக்கு மேல் மாட்டும் பலகைக்கு எழுத்து கேட்பார்கள். அங்கேயும் நான் இதை எடுப்பதில்லை. சிலர் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தும்பிக்கை வைத்த லை, னை வேண்டும் என்று கேட்பதும் உண்டு. வீட்டின் முகப்பில் சுதையில் அப்படித்தான் எழுதியிருக்கும். பாலூவில் தட்டினால் வருவது இன்றைய எழுத்துதான். அந்த வேலையை வரைந்துதான் செய்ய வேண்டும், அல்லது பிரஷ் பிடிக்கும் பெரியவரிடம் அனுப்ப வேண்டும். அனுப்பிவிடுகிறேன்.

இன்னொரு சங்கடம், இது இப்போது எங்கே பார்த்தாலும் இருக்கிறது. யூடியூப் சமையல் வீடியோக்களின் முகப்புப் படம், மசாலா பாக்கெட், ட்யூஷன் நோட்டீஸ், எல்லாவற்றிலும் இதே முகம். இலவசமும் நன்றாகவும் இருந்தால் அப்படித்தான் ஆகும். ஒரே தெருவில் மூன்று மெஸ்ஸுக்கு ஒரே எழுத்தில் போர்டு இருந்தால் யாருக்கும் லாபமில்லை. அதனால் கடைப்பெயரை மட்டும் கர்வ் பண்ணி, ஒன்றிரண்டு எழுத்தில் கை வைக்கிறேன். ழ-வின் சுழியை நீட்டுவது, கொம்பைக் கொஞ்சம் உயர்த்துவது மாதிரி சின்ன மாற்றங்கள். மழுங்கிய மூலை என்பதால் ஒட்டுப்போட்டது தெரிவதில்லை. உரிமமும் இடம் கொடுக்கிறது.

நான் உண்மையில் ஏங்குவது ஒன்றுக்குத்தான், ஒடுங்கிய வடிவம். தடிமன் ஐந்து இருக்கிறது, அகலம் ஒன்றே ஒன்று. தமிழ் கடைப்பெயர்கள் நீளமானவை. "செட்டிநாடு பாரம்பரியப் பலகாரங்கள் மற்றும் மசாலாப் பொருட்கள்" என்று எழுதிக் கொண்டுவந்து, 8 அடிக்கு 3 அடி போர்டில் ஒரே வரியில் வர வேண்டும் என்பார்கள். பாலூவில் அதை ஒரு வரியில் அடக்கினால் எழுத்து உயரம் குறைந்து, தடித்த எழுத்து போட்ட பயனே போய்விடும். பக்கவாட்டில் அமுக்கினால் கோடெல்லாம் கோணலாகும். அதை மட்டும் செய்துவிடாதீர்கள், நெடுங்கோடு மெலிந்து படுக்கைக்கோடு அப்படியே நிற்கும். நான் "செட்டிநாடு" என்பதை மட்டும் எக்ஸ்ட்ராபோல்டில் பெரிதாக வைத்து, மீதியை இரண்டாம் வரியில் மீடியத்தில் இறக்கிவிடுகிறேன். ஒரு வரிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவர்களுக்குப் பிரியா ரவிச்சந்திரன் செய்த கேட்டமரன் என்ற எழுத்துருவைப் போடுகிறேன். அதில் ஒன்பது தடிமன் உண்டு, உருண்டை கிடையாது, கட்டுச்செட்டாக அடங்கும். மெஸ்காரர்கள் அதையும் ஒத்துக்கொள்கிறார்கள். ஆச்சிகள்தான் "முன்ன காட்டுனியே, அதைப் போடு" என்கிறார்கள்.